இரண்டாம் உலகப் போர் எந்த இடத்தில் திரும்பியது?

கேள்வி இதுதான்: "படங்களைப் பார்த்தால் நார்மண்டி தரையிறக்கம்தான் போரையே மாற்றியது போலத் தெரிகிறது. ரஷ்யர்கள் ஸ்டாலின்கிராட் என்கிறார்கள். சிலர் மிட்வே என்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் உண்மையான திருப்புமுனை எது? இதில் இந்தியாவுக்கு ஏதாவது சம்பந்தம் உண்டா?"

பெயர்களை அடுக்குவதற்கு முன்னால், எதைத் திருப்புமுனை என்று எடுத்துக்கொள்வது என்பதில் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். நிறையப் பேர் செத்த சண்டை, நிறைய டாங்கிகள் எரிந்த சண்டை எல்லாம் திருப்புமுனை ஆகிவிடாது. 1944 கோடையில் பெலாரஸில் ஜெர்மனி பட்ட அடி ஸ்டாலின்கிராடைவிடப் பெரியது. ஆனால் அதற்குள் போரின் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. நான் கேட்டுப் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: முந்தைய நாள் வரை தோற்ற தரப்பிடம் ஜெயிக்க ஒரு வழி இருந்ததா, அந்த நாளுக்குப் பிறகு அது அடைபட்டுப் போனதா? இப்படிப் பார்த்தால் பட்டியல் சுருங்கும், வரிசையும் மாறும். என்னைக் கேட்டால் முதலிடம் 1941 டிசம்பர் 5 முதல் 11 வரையிலான ஒரு வாரத்துக்குத்தான். ஸ்டாலின்கிராட், மிட்வே, அட்லாண்டிக் எல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்கும் முன்னால் 1940 ஒன்று இருக்கிறது. அந்தக் கோடையில் ஜெர்மனி போரை ஜெயித்தே முடித்திருக்கலாம். மே 10 அன்று மேற்கே தாக்குதல் தொடங்கி, ஆறே வாரத்தில் பிரான்ஸ் சரணடைந்தது. டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய 3,38,000 பேரைக் கப்பலிலும் படகிலும் ஏற்றி பிரிட்டன் மீட்டது. அதே நாட்களில் லண்டனில் மூடிய அறைக்குள் வேறொரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், இத்தாலியின் முசோலினி மூலமாகச் சமாதானம் பேசிப் பார்க்கலாம் என்றார். பதவிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத சர்ச்சில் மறுத்துவிட்டார். அந்த அறையில் முடிவு வேறு மாதிரி போயிருந்தால் பிறகு வந்த எதுவும் நாம் அறிந்த வடிவத்தில் நடந்திருக்காது.

அப்புறம் வான்போர். பிரிட்டனின் விமானிகளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கடற்கரை ரேடார் நிலையங்கள் எதிரி விமானங்களைப் பார்த்ததும் தகவல் தொலைபேசியில் தலைமையகத்துக்குப் போகும். அங்கே சலித்துச் சரிபார்த்து, எந்தத் தளத்திலிருந்து எந்தப் பிரிவு எழும்ப வேண்டும் என்று சில நிமிடங்களில் உத்தரவு போய்விடும். வானத்தில் வெறுமனே சுற்றி எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. சண்டை நடந்ததும் தங்கள் தலைக்கு மேலேயே. பாராசூட்டில் குதித்த பிரிட்டிஷ் விமானி மறுநாளே மீண்டும் பறக்கலாம், ஜெர்மன் விமானி குதித்தால் சிறைக்குத்தான் போக வேண்டும். போர் விமானங்களைச் செய்து தள்ளுவதிலும் அந்தக் கோடையில் பிரிட்டன் ஜெர்மனியை மிஞ்சி நின்றது. செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். ஜெர்மனி தோற்கவில்லை, ஆனால் மேற்கே கதவை மூட முடியாமல் கிழக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

1941 ஜூன் 22 அன்று 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைத் தாண்டினார்கள். டாங்கிப் படை என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் அந்தச் சேனை சுமார் 6 லட்சம் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனது. பெரும்பாலான காலாட்படை நடந்துதான் போனது, பீரங்கிகளைக் குதிரைகள்தான் இழுத்தன. ஜூலை 3 அன்று ஜெர்மன் தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர், இந்தப் போர் இரண்டே வாரத்தில் ஜெயிக்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆகஸ்ட் 11 அன்று அதே கை வேறு மாதிரி எழுதியது: எதிரியிடம் 200 டிவிஷன், அதாவது பெரிய படைப்பிரிவு, இருக்கும் என்று கணக்குப் போட்டோம், இதுவரை 360 எண்ணிவிட்டோம் என்று. ஆறு வாரத்துக்குள் இவ்வளவு இறங்கிவந்த இன்னொரு கணக்கு அந்தப் போரில் அதிகம் இல்லை.

"ரஷ்யக் குளிர்தான் ஜெர்மனியைத் தோற்கடித்தது" என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. குளிர் வருவதற்கு முன்பே சரக்குப் போக்குவரத்து நொண்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. சோவியத் தண்டவாளம் ஐரோப்பியத் தண்டவாளத்தைவிட எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் அகலம். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் பெயர்த்து மாற்றிப் போட்டுத்தான் ஜெர்மன் ரயிலைக் கொண்டுவர முடிந்தது. நவம்பரில் உறைபனி விழுந்ததும், வெளிப்புறமாகக் குழாய் ஓடிய ஜெர்மன் நீராவி இன்ஜின்கள் உறைந்து வெடித்தன. ஓடிய கொஞ்ச ரயில்களில் குண்டையும் எரிபொருளையும் ஏற்றுவதா, கம்பளி உடையை ஏற்றுவதா என்ற நிலை வந்தபோது குண்டுக்குத்தான் இடம் கிடைத்தது. அந்த மாத இறுதிக்குள் கிழக்கு முனையில் ஜெர்மனிக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் சேதம். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து. இந்தப் போரை ராணுவத்தால் இனி ஜெயிக்க முடியாது என்று ஆயுத அமைச்சர் ஃபிரிட்ஸ் டாட், நவம்பர் 29 அன்று ஹிட்லரிடம் நேரிலேயே சொன்னதாக உடன் இருந்தவர் பதிவு செய்திருக்கிறார்.

டிசம்பர் 5 அன்று மாஸ்கோவுக்கு வெளியே சோவியத் தளபதி ஜுகோவ் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினார். அதற்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. 1939 கோடையில் மங்கோலிய எல்லையில் கல்கின் கோல் என்ற இடத்தில் ஜப்பானும் சோவியத்தும் மோதியிருந்தன. அங்கே ஜப்பானை நொறுக்கியவரும் இதே ஜுகோவ்தான். அந்த அடிக்குப் பிறகு வடக்கே சைபீரியா பக்கம் போவதில் ஜப்பானியத் தலைமைக்கு ஆசை குறைந்துவிட்டது. டோக்கியோவில் இருந்த சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கே, இந்த வருடம் ஜப்பான் சோவியத்தைத் தாக்காது என்று 1941 செப்டம்பரில் செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிழக்கிலிருந்து டிவிஷன்களை மாஸ்கோவுக்கு இழுக்க ஸ்டாலினுக்குத் துணிச்சல் வந்தது. போர்ப்பட்டியல்களில் பெரும்பாலும் இடம் பெறாத கல்கின் கோலுக்கு என் பட்டியலில் இடம் உண்டு.

ஜப்பான் தெற்கே திரும்பியதற்குக் காரணம் எண்ணெய். தன் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. 1941 ஜூலையில் பிரெஞ்சு இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் ஜப்பான் நுழைந்ததும் அமெரிக்கா குழாயை மூடிவிட்டது. இருப்பில் இருக்கும் எண்ணெய் தீர்வதற்குள் டச்சுக்காரர்களிடம் இருந்த இந்தோனேசிய எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்க வேண்டும், அதற்குள் அமெரிக்கக் கடற்படை குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் 2,403 அமெரிக்கர்கள் இறந்தார்கள், போர்க்கப்பல்கள் வரிசையாக எரிந்தன. ஆனால் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றுகூட அன்று துறைமுகத்தில் இல்லை. கரையில் நின்ற எரிபொருள் தொட்டிகளையும் பழுதுபார்க்கும் தளத்தையும் ஜப்பானியர் தொடவில்லை. எண்ணெய்க்காகப் போருக்குப் போன நாடு, எதிரியின் எண்ணெய்த் தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தது.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, ஹிட்லர் தானாகவே அமெரிக்கா மீது போர் அறிவித்தார். ஜப்பானோடு இருந்த உடன்படிக்கை அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தாக்கப்பட்டால்தான் உதவி, தாக்கினால் இல்லை என்பதுதான் அதன் நிபந்தனை. ரூஸ்வெல்ட்டும் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் ஜப்பான் மீது மட்டும்தான் போர்ப் பிரகடனம் கேட்டிருந்தார். ஐரோப்பியப் போருக்குள் அமெரிக்காவை எப்படி இழுப்பது என்று சர்ச்சில் ஒன்றரை வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை ஹிட்லரே செய்து முடித்துவிட்டார். ஒரே வாரத்தில் மாஸ்கோ கைநழுவியது, உலகின் மிகப் பெரிய தொழிற்சாலை நாடு எதிரணிக்குப் போனது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற ஒரே நம்பிக்கையில் இறங்கிய இரு நாடுகளுக்கும், சீக்கிரம் முடிக்கும் வழி அந்த வாரத்தோடு போய்விட்டது.

அன்றைக்கு இது யாருக்கும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஆறு மாதம் ஜப்பான் கைவைத்த இடமெல்லாம் ஜெயித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர், மார்ச் 8 அன்று ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானங்கள் கொழும்பு மீது குண்டு போட்டன. 6ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், அது இன்னொரு ஜப்பானியக் கப்பல் பிரிவின் வேலை. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையில் அடுத்தது நாம்தான் என்ற பீதி பரவி, ஜனங்கள் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறி உள்நாட்டுப் பக்கம் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. ஆனால் அந்தக் கடற்படை இந்தப் பக்கம் நிலத்தைப் பிடிக்க வரவில்லை. பிரிட்டிஷ் கப்பற்படையை விரட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நம் கரையோரம் வந்த அந்தக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதத்தில் பசிபிக் கடலுக்கு அடியில் கிடந்தன.

இப்போது மிட்வே, பசிபிக் நடுவில் அமெரிக்கா வசம் இருந்த தீவு. பேர்ல் ஹார்பரில் ஒரு நிலவறையில் ஜோசப் ரோச்ஃபோர்ட் என்ற அதிகாரியின் குழு ஜப்பானியக் கடற்படையின் ரகசியக் குறியீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டிருந்தது. பெரிய தாக்குதல் ஒன்று 'ஏஎஃப்' என்ற இடத்தில் வரப்போகிறது என்பது தெரிந்தது. அது எந்த இடம்? மிட்வேதான் என்று ரோச்ஃபோர்ட் குழு சொன்னது, வாஷிங்டன் நம்பவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழுது என்று மிட்வே தீவிலிருந்து வேண்டுமென்றே சாதாரண மொழியில் வானொலிச் செய்தி போகச் செய்தார்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று சிக்கியது: ஏஎஃப்பில் குடிநீர்த் தட்டுப்பாடு. அதோடு சந்தேகம் தீர்ந்தது.

யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மே மாதம் பவளக் கடல் சண்டையில் பலமாக அடிபட்டுத் திரும்பியிருந்தது. சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸ் மூன்று நாள்தான் கொடுத்தார். பேர்ல் ஹார்பரில் ஜப்பான் தொடாமல் விட்ட அந்தப் பழுதுபார்க்கும் தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரவும் பகலும் வெல்டிங் வைத்து அதை மீண்டும் கடலுக்கு அனுப்பினார்கள். நான்குக்கு இரண்டு என்று நகுமோ எதிர்பார்த்த இடத்தில் நான்குக்கு மூன்று என்று ஆனது.

ஜூன் 4 காலை. மிட்வே தீவை இன்னொரு முறை தாக்க வேண்டும் என்று நகுமோ, டார்பிடோ பொருத்திய விமானங்களுக்கு வெடிகுண்டு மாற்றச் சொன்னார். பாதி மாற்றிய நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் பக்கத்திலேயே இருக்கின்றன என்று வேவு விமானம் தகவல் தந்தது. மறுபடி டார்பிடோவுக்கு மாற்றச் சொன்னார். கழற்றிய குண்டுகளைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்ப நேரம் இல்லாமல் விமானக் கூடத்திலேயே ஓரமாக வைத்தார்கள். அதே நேரம் அமெரிக்க டார்பிடோ விமானங்கள் அலை அலையாக வந்து செத்துக்கொண்டிருந்தன. ஒரு பிரிவில் 15 விமானமும் போய், 30 பேரில் ஒருவர் மட்டும் கடலில் மிதந்து உயிர் தப்பினார். அவர்கள் போட்ட டார்பிடோ ஒன்றுகூடப் படவில்லை. ஆனால் அவர்களைத் துரத்தித்துரத்தி ஜப்பானியக் காவல் விமானங்கள் கீழேயே இறங்கிவிட்டன, எதிர்த்தாக்குதல் விமானங்களை மேல்தளத்தில் வரிசைப்படுத்தவும் நேரம் கிடைக்கவில்லை.

10.20 மணியைத் தாண்டியதும் குத்துப்பாய்ச்சல் குண்டு விமானங்கள் உயரத்திலிருந்து இறங்கின. அகாகி மீது நேராக விழுந்தது ஒரே ஒரு குண்டு. உள்ளே கிடந்த குண்டும் எரிபொருளும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சில நிமிடங்களில் மூன்று கப்பல்கள் எரிந்தன, மாலையில் நான்காவதும். இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் ஜப்பானிய விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று ஒரு கதை ரொம்ப காலம் ஓடியது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஜப்பானியப் பதிவேடுகளைப் பார்த்து, அந்த விமானங்கள் அப்போது கீழ்க்கூடத்தில்தான் இருந்தன என்று காட்டிவிட்டார்கள்.

மிட்வேயில் ஜப்பான் ஜெயித்திருந்தால் அமெரிக்கா தோற்றிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போர் முடிவதற்குள் எசெக்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல்கள் மட்டும் 17 அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தன. அந்த வேகத்தோடு ஜப்பானியத் தளங்களால் போட்டி போடவே முடியாது. மிட்வே மாற்றியது காலத்தை. அதுவரை எங்கே, எப்போது சண்டை என்பதை ஜப்பான் தீர்மானித்தது, அதற்குப் பிறகு அமெரிக்கா தீர்மானித்தது. தேர்ந்த விமானிகளை ஜப்பான் மொத்தமாகத் தொலைத்தது மிட்வேயில் இல்லை, அடுத்து வந்த குவாடல்கனாலில். ரபவுல் தளத்திலிருந்து சுமார் 900 கிலோமீட்டர் பறந்து வந்து, சில நிமிடம் சண்டை போட்டு, அதே தூரம் திரும்ப வேண்டும். இயந்திரத்தில் சின்னக் கோளாறு என்றாலும் கடல்தான். 1943 பிப்ரவரியில் அந்தத் தீவைக் காலி செய்தபோது, அனுபவசாலிகளின் இடத்தில் அரைகுறைப் பயிற்சி பெற்ற பையன்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டாலின்கிராடுக்கு வருவோம். 1942 கோடையில் ஜெர்மனி தெற்கே போனதற்குக் காரணமும் எண்ணெய்தான். காகசஸில் மைக்கோப், க்ரோஸ்னி, அதற்கும் அப்பால் பாக்கு. மைக்கோப், க்ரோஸ்னி எண்ணெய் கிடைக்காவிட்டால் இந்தப் போரை நான் முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஹிட்லர் சொன்னதாக, ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படையை நடத்திய தளபதி பவுலஸ் போருக்குப் பின் சாட்சியம் சொன்னார். ஆனால் ஜூலையில் ஹிட்லர் படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எண்ணெய்க்கும் மற்றதை வோல்கா நதிக்கரையில் இருந்த ஸ்டாலின்கிராடுக்கும் அனுப்பினார். இரண்டுக்கும் போதுமான லாரியும் எரிபொருளும் கிடையாது. ஆகஸ்டில் மைக்கோப் கிடைத்தது. கிணறுகளை சோவியத்துக்காரர்கள் ஏற்கெனவே நாசம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பாக்கு கண்ணில்கூடப் படவில்லை.

நகருக்குள் நடந்த சண்டையைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு அறைக்கும், ஒவ்வொரு மாடிப்படிக்கும் நடந்த சண்டை. சோவியத் தளபதி சுய்கோவின் 62ஆவது படை நதியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தது. முடிவு செய்த இடம் நகரம் இல்லை, அதன் இரு பக்கமும் இருந்த வெட்டவெளி. ஜெர்மனி தன் நல்ல டிவிஷன்களை எல்லாம் நகருக்குள் திணித்துவிட்டு, பக்கவாட்டை ருமேனியப் படைகளிடம் விட்டிருந்தது. அவர்களிடம் கனமான டாங்கி எதிர்ப்புப் பீரங்கி போதுமான அளவு இல்லை. நவம்பர் 19 காலை வடக்கிலிருந்தும் மறுநாள் தெற்கிலிருந்தும் சோவியத் படை உடைத்துக்கொண்டு வந்தது. ருமேனியர்களுக்குத் துணையாக 22ஆவது ஜெர்மன் டாங்கி டிவிஷன் பின்னால் நின்றது. எரிபொருள் இல்லாமல் வாரக்கணக்கில் குழிக்குள் வைக்கோல் போட்டு மூடிவைத்திருந்த டாங்கிகள். கிளப்பிப் பார்த்தால் பல கிளம்பவில்லை. வைக்கோலுக்குள் குடியேறிய வயல் எலிகள் மின்கம்பிகளின் உறையைக் கடித்துத் தின்றிருந்தன.

நவம்பர் 23 அன்று வளையம் மூடியது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேல். விமானத்திலேயே எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வாக்குக் கொடுத்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவை. போய்ச் சேர்ந்தது சராசரியாக அதில் மூன்றில் ஒரு பங்குதான். 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பவுலஸுக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தார். ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் எவரும் சரணடைந்தது கிடையாது, தற்கொலை செய்துகொள் என்பதுதான் அதன் அர்த்தம். பவுலஸ் மறுநாள் சரணடைந்தார். பிடிபட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம் பேர்தான். எண்ணெய்க் கனவு அங்கேயே முடிந்தது. சோவியத்தைத் தனியாகச் சமாளித்து நிறுத்திவிடலாம் என்ற கடைசி வழியும் அடைபட்டது.

எல் அலமெய்னும் குர்ஸ்கும் இல்லாமல் எந்தப் பட்டியலும் வருவதில்லை, அதனால் இரண்டு வார்த்தை. எகிப்தின் எல் அலமெய்னில் ஜெர்மன் தளபதி ரோமல் தோற்றது முக்கியம்தான், எகிப்தும் சூயஸும் பிழைத்தன. நம் 4ஆவது இந்திய டிவிஷனும் அங்கே இருந்தது. ஆனால் ரோமலின் எரிபொருளை மத்தியதரைக் கடலில் மூழ்கடித்த மால்டா தீவுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். 1943 ஜூலையில் குர்ஸ்க் பெரும் டாங்கிப் போர். ஜெர்மனி எங்கே அடிக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே சோவியத் படை மாதக்கணக்கில் கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்தது. ஏற்கெனவே தெரிந்த முடிவை அது உறுதிப்படுத்தியது.

யாரும் படமாக்க விரும்பாத திருப்புமுனை அட்லாண்டிக் கடல். அங்கே சண்டை என்பது ஆறு வருடம் நீண்ட கப்பல் கணக்கு. எத்தனை டன் கப்பல் மூழ்குகிறது, எத்தனை டன் புதிதாகக் கட்டப்படுகிறது, எத்தனை நீர்மூழ்கிகள் திரும்பி வருகின்றன. 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தங்கள் எனிக்மா குறியீட்டு இயந்திரத்தில் நான்காவது சக்கரத்தைச் சேர்த்ததும், பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்தவர்களுக்குக் கண் கட்டிவிட்டது போல ஆனது. அக்டோபர் 30 இரவு, எகிப்துக் கரைக்கு அப்பால், யு-559 என்ற நீர்மூழ்கி அடிபட்டு மேலே வந்தது. பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து ஃபாசன், கிரேசியர் என்ற இருவர் நீந்திப்போய், மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் கலத்துக்குள் இறங்கிப் புத்தகங்களை மேலே கொடுத்தார்கள். வாங்கிக் கொடுத்தவன் டாமி பிரவுன், கப்பல் கேண்டீனில் வேலை செய்த பதினாறு வயதுப் பையன். கலம் சட்டென்று மூழ்க, உள்ளே இருந்த இருவரும் அதோடு போனார்கள். பையன் பிழைத்தான். அந்தப் புத்தகங்கள் வழியாக டிசம்பரில் குறியீடு மீண்டும் உடைந்தது.

அப்படியும் 1943 மார்ச் மாதம் படுமோசமாகத்தான் போனது. பிறகு எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தன: அலையில் தலைநீட்டும் நீர்மூழ்கியின் மேற்கூண்டைக்கூடக் கண்டுபிடிக்கும் பத்து சென்டிமீட்டர் அலை ரேடார், நடுக்கடல் வரை பறக்கும் லிபரேட்டர் விமானங்கள், கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களோடு (கான்வாய்) கூடவே போகும் சிறிய விமானந்தாங்கிகள். மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் போயின. அதில் ஒன்றில் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகனும் இருந்தான். மே 24 அன்று டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து தன் நீர்மூழ்கிகளை விலக்கிக்கொண்டார். இன்னொரு பக்கம் அமெரிக்கத் துறைமுகங்கள் லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைப் போர் முடிவதற்குள் 2,710 என்ற கணக்கில் கட்டித் தள்ளின. அந்த வழி திறந்ததால்தான் நார்மண்டிக்கு ஆளும் தளவாடமும் வந்து சேர முடிந்தது. அமெரிக்கா சோவியத்துக்குக் கொடுத்த நான்கு லட்சம் லாரிகளும் ஜீப்புகளும் வேறு. அவை பெரும்பாலும் ஈரான் வழியாகவும் பசிபிக் வழியாகவும் போனவை. 1944இல் சோவியத் படை அவ்வளவு வேகமாக ஓடியது அந்தச் சக்கரங்களில்தான்.

ஆக, நார்மண்டி? 1944 ஜூன் 6 அன்று 1,56,000 பேர் தரையிறங்கியது அசாத்தியமான ஏற்பாடு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜெர்மனி தோற்குமா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து, ஜூன் 22 அன்று, பெலாரஸில் சோவியத் படை தொடங்கிய பக்ராதியோன் தாக்குதல் ஜெர்மனியின் மத்திய சேனையையே துடைத்துப்போட்டது. பிடிபட்ட 57,000 ஜெர்மானியரை ஜூலை 17 அன்று மாஸ்கோ தெருக்களில் நடத்திக்கூட்டிப்போய், பின்னாலேயே தண்ணீர் வண்டியை விட்டுத் தெருவைக் கழுவினார்கள். நார்மண்டி தீர்மானித்தது, போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவில் யார் நிற்பார்கள் என்பதை. அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது வேறு கேள்வி.

கடைசியாக, இந்தியா. இம்பால், கோஹிமா சண்டைகள் 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்தன. மூன்று வாரத்துக்கான உணவோடு மலையேறி, பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஜப்பானியத் தளபதி முதகுச்சி நம்பினார். கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று வாரக்கணக்கில் கிடந்தார்கள். இம்பாலுக்குள் முற்றுகையில் இருந்தவர்களுக்கு விமானத்திலேயே சாப்பாடும் குண்டும் வந்தன. ஸ்டாலின்கிராடில் கோரிங் செய்ய முடியாததை இங்கே செய்து காட்டினார்கள். ஜப்பானியரில் சுமார் 30,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பசியிலும் நோயிலும். தரையில் அதுவரை அவர்கள் பட்டதிலேயே பெரிய தோல்வி அதுதான். எதிர்த்து நின்றவர்களில் பெரும்பகுதி இந்திய வீரர்கள்.

ஆனால் இந்தியாவுக்கான திருப்புமுனை எது என்று கேட்டால் நான் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். வெள்ளைக்காரனை வெல்லவே முடியாது என்ற நினைப்பு அங்கே ஒரே வாரத்தில் உடைந்தது. பிடிபட்ட பல்லாயிரம் இந்திய வீரர்களில் ஒரு பகுதியினரோடு இந்திய தேசிய ராணுவம் உருவானது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்ததும் மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். இன்னொரு கூட்டம் தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதை போடக் கூட்டிப்போய்க் காலராவுக்கும் பட்டினிக்கும் பலி கொடுத்தார்கள். ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு திசையிலும் ஆட்கள் போயிருக்கிறார்கள். பர்மா விழுந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது, 1943 வங்கப் பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரையும் செங்கோட்டையில் நிறுத்தி ராணுவ நீதிமன்றம் விசாரித்தபோது நாடே கொதித்தது. தண்டனையைத் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்ய வேண்டி வந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ச்சியில் இறங்கினார்கள்.